பொறியும் இடைவெளியும்

மன்னார் என்றதும் கற்றோர் மனத்திலே தோன்றுபவை பெரும்பாலும் பழமை சார்ந்தவை. திருக்கேதீச்சரமும் மடுத் திருப்பதியும் முத்துக்குளிப்பும் பள்ளிமுனைப் பெருக்கமரமும் பலராலும் எழுதப்பட்டுள்ளன, இனியும் எழுதப்படும். ஆனால், பேசாலைக் கருவாட்டையும் மன்னார் உப்பையும் கட்டுக்கரைக் குளத்து நெல்லையும் ஊர் ஊராகக் கொண்டு சென்ற லொறிகளைப் பற்றியோ, அவற்றை ஓடச் செய்த கைகளைப் பற்றியோ எழுதியோர் அரியர். ஏட்டிலே இடம்பெறாத காரணத்தால் ஓர் அறிவு அறிவல்லாமற் போய்விடுவதில்லை. எனினும், அதனை உடையவர் மறையும்போது அதுவும் உடன் மறைந்துவிடும் என்பதை மறுப்பதற்கில்லை.

மன்னார்த் தீவின் வடகரைக் கிராமம் ஒன்றிலே எண்பது வயதை எட்டிய முதியவர் ஒருவர் வாழ்கின்றார். இளமையில் லொறிச் சாரதியாகவும், பின்னர் தம் லொறியைத் தாமே திருத்திக் கொள்ளும் மெக்கானிக்காகவும் விளங்கியவர். அவருடைய பழைய பெட்போர்ட் லொறி வீட்டு வளவில், ஒரு வேப்பமரத்தின் கீழே, சில்லுகள் மணலிற் புதைந்த நிலையில் நிற்கின்றது. பழைய இரும்பு வாங்குவோர் ஆண்டுக்கொரு முறையேனும் வந்து விலை பேசுவர். அவர் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார். அறையிலே ஒரு பிஸ்கற் தகரம் இருக்கின்றது. அதனுள் ஆறு பழைய பிளக்குகளும், ஒரு துண்டு இரும்பறுக்கும் வாளலகும், நூல் கோத்த ஒரு தையலூசியும் உள்ளன. இக்கட்டுரை அத்தகரத்திலுள்ள பொருள்களைப் பற்றியது.

ஜெனரல் மோட்டர்ஸுக்குச் சொந்தமான வொக்ஸ்ஹால் நிறுவனம் 1931ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பெட்போர்ட் என்னும் பெயரில் லொறிகளைச் செய்யத் தொடங்கியது. இலங்கைத் தெருக்களில் அப்பெயர் நெடுங்காலம் நிலைத்திருந்தது. டீசல் எஞ்சின்கள் பெருகுவதற்கு முன்னர் அவற்றுட் பல பெற்றோலில் ஓடியவை. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின்; சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு பிளக்குகள். தமிழிலே சொல்வதானால் அவற்றைத் தீப்பொறிச் செருகிகள் எனலாம். ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு என்னும் ஒழுங்கில் அவை முறை தவறாது பொறி விடுதல் வேண்டும். ஒன்று தவறினால் எஞ்சின் நொண்டும். இரண்டு தவறினால் மணற்றெருவில் சுமையோடு நகராது.

பிளக்கு என்பது பார்வைக்கு எளிய பொருள். நடுவிலே ஒரு மின்வாய். அதனைச் சூழ்ந்து வெள்ளைப் பீங்கான். பீங்கானைப் பற்றியிருக்கும் புரியிட்ட இரும்புக் கூடு. கூட்டின் விளிம்பிலிருந்து வளைந்து வந்து நடு மின்வாயை நோக்கி நிற்கும் மற்றுமொரு மின்வாய். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியைத் தாண்டும்போதே மின் பொறியாகின்றது. 1902இல் ஜெர்மனியின் பொஷ் தொழிற்சாலையிலே கொட்லொப் ஹொனோல்ட் என்னும் பொறியியலாளர் உயர் அழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதன் பின்னர் இந்த அமைப்பிலே அடிப்படை மாற்றம் எதுவும் நிகழவில்லை. சாம்பியன், ஏ.சி. என்னும் போட்டிப் பெயர்கள் இரண்டும் அல்பேட் சாம்பியன் என்னும் ஒரே மனிதரிடமிருந்து பிறந்தவை என்பதும் சுவையான செய்தி. பிரான்சிலே பிறந்து, 1899இல் பாரிஸ் – ரூபே சைக்கிளோட்டத்தில் வென்று, அமெரிக்கா சென்று பிளக்கு செய்தவர் அவர்.

பிளக்கைத் தெரிந்தெடுப்பதிலே பழைய சாரதிகள் நான்கு விடயங்களை நோக்கினர். முதலாவது புரியின் விட்டம். பதினான்கு மில்லிமீற்றரே பெருவழக்கு; மிகப் பழைய சில எஞ்சின்களிற் பதினெட்டும் உண்டு. விட்டம் பிழைத்தால் பிளக்கு உள்ளே செல்லாது; ஆகவே அப்பிழை தானே வெளிப்பட்டுவிடும். இரண்டாவது புரியின் நீளம். இதிலே நேரும் பிழை உடனே வெளிப்படுவதில்லை. நீளம் குறைந்த பிளக்கு தன் துளைக்குள்ளே ஒளிந்து நின்று பொறி விடும். வெறுமையாய் விடப்பட்ட புரிகளிற் கரி படியும். நீளம் மிகுந்ததோ பிஸ்டனின் தலையைத் தொட்டு எஞ்சினையே உடைத்துவிடக் கூடும். மூன்றாவது, அது அமரும் இருக்கை. செப்பு வளையம் இட்டு இறுக்குவன ஒரு வகை. கூம்பிய விளிம்பினால் நேரே அமர்வன மறுவகை. ஒன்றுக்கு உரிய இடத்தில் மற்றதை வைத்தல் ஆகாது.

நான்காவதே நுட்பமானது. அது பிளக்கின் வெப்ப நிலை. பிளக்கின் மூக்கு ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் இருந்தாற்றான் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துத் தூய்மை பெறும். 850 பாகையை அண்மித்தாலோ, பொறி எழுமுன்னரே அதன் செந்தணல் எரிபொருளைப் பற்றவைத்துவிடும். மூக்குப் பீங்கான் நீண்டிருந்தால் சூடு வெளியேற வழி நெடிது. அது சூடான பிளக்கு. பீங்கான் குறுகியிருந்தால் சூடு விரைவில் நீங்கும். அது குளிர்ந்த பிளக்கு. மெல்ல ஓடி அடிக்கடி நிற்கும் எஞ்சினுக்குச் சற்றுச் சூடானதும், நெடுந்தூரம் சுமையிழுக்கும் எஞ்சினுக்குச் சற்றுக் குளிர்ந்ததும் பொருந்தும்.

இவ்விடத்தில் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவர். என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக் கூடப் பிளக்கு குளிர்ந்தது. சாம்பியன் பிளக்குகளில் எண் கூடக் கூடச் சூடானது. பொஷ் நிறுவனமோ பழைய காலத்தில் ஒரு முறையையும் பின்னர் அதற்கு நேர்மாறான முறையையும் கையாண்டது. அம்முதியவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும், புதிய பிளக்கு ஒன்றைக் கையிலெடுத்து மூக்குப் பீங்கானின் நீளத்தை நகத்தால் அளந்து, "இது சுமைக்குக் காணாது" என்றோ, "இது கரி பிடிக்கும்" என்றோ சொல்லும் திறன் அவருக்கு இருந்தது. எண்கள் குழம்பினாலும் பொருள் குழம்புவதில்லை.

இனி இடைவெளி. ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் முதலிய கார்களுக்கு அது அங்குலத்தின் ஆயிரத்தில் இருபத்தைந்து பங்கு, ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர். பழைய பெற்றோல் லொறிகளுக்குப் பொதுவாக இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட அளவு. இடைவெளி ஒடுங்கினால் பொறி எளிதில் எழும். ஆனால் அது சிறிய பொறி. எரிபொருட் கலவையை முற்றாகப் பற்றவைக்க அதற்கு வலுப் போதாது. இடைவெளி விரிந்தால் பொறி பெரிது. ஆனால் அதனைத் தாண்டச் செய்யக் கொயிலுக்குக் கூடிய அழுத்தம் வேண்டும். பற்றரி சோர்ந்திருந்தால் அவ்வழுத்தம் கிடைக்காது. இவ்விரண்டுக்கும் நடுவிலே, எஞ்சினுக்கும் எரிபொருளுக்கும் பற்றரிக்கும் ஒருங்கே பொருந்தும் ஓர் அளவைக் காண்பதே கைத்திறன்.

இவ்வெளியைச் சரிசெய்யும்போது வெளி மின்வாயை மட்டுமே வளைத்தல் வேண்டும். நடு மின்வாயை நெம்பினால் பீங்கான் வெடிக்கும். அந்த வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாது. மற்றொன்றும் உண்டு. பிளக்கைக் கழற்றி எஞ்சின்மீது வைத்துச் சுழற்றிப் பார்த்து, பொறி எழுகின்றது என்று மகிழ்வோர் பலர். திறந்த வெளியில் எழும் பொறி சிலிண்டருக்குள் எழும் என்பதற்கு உறுதியில்லை. வாயுவின் அமுக்கமும் இடைவெளியும் கூடும்போது அதனைத் தாண்ட வேண்டிய மின்னழுத்தமும் கூடும். ஜெர்மானியப் பௌதிகவியலாளர் பிரீட்ரிக் பாஷன் 1889இல் இதனை விதியாக வகுத்தார். சுமையேற்றிய லொறி மணலில் இழுக்கும்போது சிலிண்டரினுள்ளே அமுக்கம் மிகுகின்றது. ஆகவேதான் நின்ற இடத்தில் ஒழுங்காக உறுமும் எஞ்சின் இழுக்கும் இடத்தில் இருமுகின்றது.

மன்னார்க் காற்றுக்கும் இதிலே பங்குண்டு. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களிலே தீவின் எப்பொருளின்மீதும் உப்புப் படியும். பிளக்கின் வெளிப் பீங்கானில் அவ்வுப்பு ஒரு மெல்லிய படலமாகும். அதிகாலை ஈரம் அதன்மீது சேர்ந்தால், மின் உள்ளே சென்று பொறியாவதை விடுத்து வெளியே வழுக்கிச் சென்று இரும்பை அடைந்துவிடும். காலையில் கிளம்ப மறுத்த லொறிகளுட் பலவற்றிற்கு உலர்ந்த துணியால் பீங்கானைத் துடைத்தலே மருந்தாயிருந்தது. புரிகளோ உப்பினால் துருப்பிடித்து இறுகும். ஆதலால் ஆண்டுக்கொரு தடவை கழற்ற வேண்டியதை மூன்று மாதத்துக்கொரு தடவை கழற்றிப் பூட்டும் வழக்கம் அவரிடம் இருந்தது. கழற்றிய ஆறையும் சிலிண்டர் ஒழுங்கிலே ஒரு பலகையில் அடுக்கி நிறம் பார்ப்பார். மூக்கு இளமண்ணிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகை. எண்ணெய்க் கசிவோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையம் தேய்வு. வெண்மையாய்ப் பொரிந்திருந்தால் சூடு மிகை. வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போன்றதே இது.

இவ்வறிவு வெறும் தொழிற்றிறனாக இருந்த நிலைமாறி, உயிர் காக்கும் பொருளான காலம் ஒன்று வந்தது. 1990ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் பெரும் பகுதி பொருளாதாரத் தடைக்கு உள்ளாயிற்று. பெற்றோலும் பற்றரியும் தடுக்கப்பட்டன. உதிரிப் பாகங்கள் அருகின. மன்னார்த் தீவு படையினர் வசமாக, பெருநிலம் தடைக்குட்பட்ட மறுபுறமாயிற்று. அவ்வேளை அம்முதியவரும் அவருடைய லொறியும் பெருநிலத்தில் இருந்தனர். ஊரவர் பலர் டீசல் எஞ்சின் மாற்றிய காலத்தில், பணமின்மையால் அவர் மாற்றாது விட்ட பழைய பெற்றோல் எஞ்சின் அப்போது பெரும்பேறாயிற்று. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் மண்ணெண்ணெயிலும் ஓடவல்லன. யாழ்ப்பாணத்திலே கைவிடப்பட்டுக் கிடந்த ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் தெருவுக்கு மீண்டதும் இக்காரணத்தினாலேயே. சில துளி பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். முன்னாளில் மேனாட்டு உழவு இயந்திரங்கள் இவ்வாறே பெற்றோலிற் கிளம்பிப் பின்னர் மலிந்த எண்ணெயில் உழுதன.

ஆனால் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாத பகுதி கரியாகிப் பிளக்கில் அப்பும். எஞ்சியது எஞ்சின் எண்ணெயில் இறங்கி அதனை நீர்க்கச் செய்யும். கரியைத் தடுக்கச் சூடான பிளக்கு வேண்டும். ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சின் சுமையில் எளிதில் அடிக்கும், ஆகவே மிகச் சூடான பிளக்கும் ஆகாது. தெரிந்தெடுக்கக் கடையில் எதுவும் இல்லாத காலத்தில் இத்தகைய தெரிவு ஏட்டுச் சுரைக்காயே. அவரிடம் இருந்தவை ஆறு பிளக்குகள், மூன்று நிறுவனங்களுடையவை, எல்லாமே தேய்ந்தவை. அளவுத் தகடு தொலைந்துவிட்டது. அதற்குப் பதிலாக இரும்பறுக்கும் வாளின் அலகொன்றை முறித்து வைத்திருந்தார். அவ்வலகின் தடிப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் இருபத்தைந்து. பற்கள் இருபுறமும் விரிந்திருக்குமாதலால் பல்லில்லாத முதுகுப் பக்கமே அளவுக்கு உதவும்.

அவ்வாண்டுகளின் ஒரு மாரி இரவிலே, விடத்தல்தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சில குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அவர் மடுவை நோக்கிப் புறப்பட்டார். மடுத் திருப்பதி அக்காலத்தில் பல்லாயிரம் அகதிகளுக்குப் புகலிடம். பதினாறு வயது மதிக்கத்தக்க கிளீனர்ப் பையன் ஒருவன் உடனிருந்தான். புறப்படு முன்னர் ஆறு பிளக்குகளையும் கழற்றித் துடைத்து, வாளலகால் அளந்து பூட்டியவர் அவரே. கம்பிகளைப் பொருத்தியவன் பையன். காட்டுத் தெருவில் சேறு தொடங்கியதும் எஞ்சின் இருமிற்று, பின்னர் நின்றது. லொறியின் பின்புறத்தில் காய்ச்சலோடு ஒரு குழந்தையும் இருந்தது.

கழற்றிப் பார்த்தபோது ஆறிலும் பொறி எழுந்தது. பிளக்குகள் சரியென்றால் பிழை கம்பியில். கம்பி பையனுடைய வேலை. அவர் அவனை எல்லோர் முன்னிலையிலும் ஏசினார்; கன்னத்தில் ஓர் அடியும் விழுந்தது. பையன் மறுத்துப் பேசவில்லை. கம்பிகளைக் கழற்றி மீண்டும் பூட்டினான். எஞ்சின் கிளம்பிற்று, பத்து யார் சென்று மறுபடி நின்றது.

அப்போது பையன், "அண்ணை, அலகை இன்னொருக்கா வைச்சுப் பாருங்கோ" என்று மெல்லச் சொன்னான். வைத்துப் பார்த்தார், இறுக்கமாகவே இருந்தது. பையன் தயங்கி நின்றுவிட்டு, "தட்டையான சாமான், அண்ணை. உள்ளுக்குக் குழி விழுந்திருந்தால் காட்டாது" என்றான். லொறியில் இருந்த ஒரு மூதாட்டி தம் கொட்டைப் பெட்டியிலிருந்து நூல் கோத்த ஊசியொன்றை எடுத்துக் கொடுத்தார். வாளலகு இறுகிய அதே வெளியில் உருண்டையான ஊசி இடமும் வலமும் தாராளமாக ஆடியது.

காரணம் எளிது. நெடுங்காலம் ஓடிய பிளக்கில் பொறி வெளி மின்வாயைச் சிறுகச் சிறுக அரித்துக் குழி செய்கின்றது. தட்டைத் தகடு அக்குழியின் இரு கரைகளிலும் தங்கி, வெளி ஒடுக்கமானது என்று பொய் சொல்லும். உண்மையான இடைவெளி குழியின் ஆழத்தையும் சேர்த்தது. உருண்டைக் கம்பி குழிக்குள் இறங்கி அதனை உள்ளவாறு காட்டும். அதனாலேயே தேய்ந்த பிளக்குக்குக் கம்பி அளவையே ஏற்றது என்பர். விரிந்த வெளி, சோர்ந்த பற்றரி, சேற்றில் இழுக்கும் சுமை ஆகிய மூன்றும் சேர்ந்தபோது பொறி தாண்டவில்லை. திறந்த வெளியில் அது தாண்டியதில் வியப்பும் இல்லை.

கைவிளக்கின் சிறு வெளிச்சத்தில் ஆறு மின்வாய்களின் குழிகளையும் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினர். அரத்தால் கூர்மை பெற்ற விளிம்பிலிருந்து பொறி எளிதில் பாயும் என்பதும் ஒரு நன்மை. பற்றரியின் நிலையை எண்ணி, ஊசி இறுக்கமாக உரசும் அளவுக்கு வெளியை ஒடுக்கிப் பூட்டினர். எஞ்சின் சிறிது வலுக் குறைந்து ஓடினாலும் நிற்காமல் ஓடிற்று. விடியுமுன்னர் மடு கண்டனர். குழந்தை பிழைத்தது.

பையனிடம் அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. மூத்தவர் இளையவனிடம் பிழை பொறுக்கக் கேட்பது வழக்கமில்லை. மறுநாள் ஒரு சோற்றுப் பொதியை வாங்கிக் கொடுத்தால் அது புரிந்துகொள்ளப்படும் என்று எண்ணினார். பொதி வாங்கி வந்தபோது பையன் இல்லை. கரையிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகேறியவர்களோடு அவனும் சென்றுவிட்டான் என்று சில நாள்களின் பின்னர் அறிந்தார். ஊசிக்குரிய மூதாட்டியையும் அவ்வகதிக் கூட்டத்தில் கண்டுபிடிக்க இயலவில்லை.

ஆண்டுகள் பல கழிந்தன. 2002இல் தடை நீங்கியது. 2009இல் போர் முடிந்தது. 2010இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது; 2015இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டது. பெற்றோல் லொறிகள் தெருவிலிருந்து மறைந்தன. டீசல் எஞ்சினுக்குப் பிளக்குப் பொறி வேண்டியதில்லை. அமுக்கச் சூடே அதனைப் பற்றவைக்கும். எனினும் பிளக்கு மன்னாரை விட்டு நீங்கவில்லை. தெருவிலிருந்து அது கடலுக்குச் சென்றது. கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் இன்றும் மண்ணெண்ணெயிலேயே ஓடுகின்றன. கரியும் உப்பும் அங்கும் உண்டு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, எரியாது வீணாகும் ஒவ்வொரு துளியும் மீனவருக்குச் சுமையாயிற்று. தேய்ந்த பிளக்கை மாற்றாது அளந்து திருத்திப் பாவிப்போர் அதன் பின்னர் அம்முதியவரைத் தேடி வரத் தொடங்கினர்.

அவ்வாறு வந்த இளைஞன் ஒருவன், தன் படகிலே பணிபுரியும் சிறுவன் பிளக்கைப் பாழாக்கிவிட்டான் என்று சினந்து பேசினான். அவனிடம் புதிய அளவுத் தகடு ஒன்று இருந்தது. அளவு சரியாகவே உள்ளது என்று காட்டினான். முதியவர் பிஸ்கற் தகரத்தைத் திறந்து ஊசியை எடுத்து அவ்வெளியில் நுழைத்து ஆட்டிக் காட்டினார். இளைஞன் வியந்தான்.

"பொடியனை ஏசினியோ?" என்று கேட்டார்.

"ஓம், ஐயா."

"இண்டைக்கே போய் அவனிட்டச் சொல்லு, பிழை அவனில இல்லை எண்டு. நாளைக்கு எண்டு வைக்காதை."

இளைஞன் சென்றபின் அவர் ஊசியைத் துடைத்து, ஆறு பிளக்குகளுக்கும் வாளலகுக்கும் பக்கத்தில் வைத்துத் தகரத்தை மூடினார். அன்று மாலையும் பழைய இரும்பு வாங்குபவர் வந்தார், தேநீர் அருந்தினார், வெறுங்கையோடு திரும்பினார்.

பல்கலைக்கழகங்களிலும் அளவுகோல்களுக்குக் குறைவில்லை. மனிதரையும் நூல்களையும் சமூகத்தையும் அளக்கும் தட்டைத் தகடுகள் பல கைக்குக் கை மாறுகின்றன. அளக்கப்படும் பொருளில் காலம் அரித்த குழி இருக்கலாம் என்பதை எண்ணாது, அளவு சரி என்று முடிவு செய்து, பிழையை வேறொருவர்மீது ஏற்றுதல் எளிது. பழைய லொறிச் சாரதி ஒருவர் அதனை ஒரு மாரி இரவிலே கற்றார். கற்றுக் கொடுத்தவனிடம் அதனைச் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. கடலுக்கு அப்பால் எங்கேனும், இன்று ஐம்பதை எட்டிய ஒரு மனிதர் அவ்வடியை மறந்திருக்கலாம். வேப்பமரத்தின் கீழ் இருப்பவர் மறக்கவில்லை.